கல் கரைந்த நீர்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் குடிநீர் வரலாறு – ஒரு நோக்கு

தமிழர் நீருக்கு இட்ட பெயர்கள் பெரும்பாலும் அதன் பண்பினைச் சுட்டியே அமைந்தன. தண்மையுடையது தண்ணீர், வெம்மையுடையது வெந்நீர், உவர்ப்புடையது உவர்நீர், பருகத்தக்கது நன்னீர். இப்பண்புகள் யாவும் உடம்பினால் அறியப்படுவன. தண்மையைத் தோல் அறிகின்றது. உவர்ப்பை நா அறிகின்றது. நீரை நாவினால் அளந்து, அவ்வளவையையே பெயராக வழங்கிய மரபு நம்முடையது. அம்மரபு இன்றும் தன்னளவில் போதியதுதானா என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் வினா. யாழ்ப்பாணக் குடாநாட்டின், சிறப்பாகச் சுன்னாகத்தை நடுவாகக் கொண்ட வலிகாமத்துச் சிற்றூர்களின் குடிநீர் வரலாறு இவ்வினாவுக்கு விடை காணத் துணைசெய்யும்.

ஆறில்லா நிலம்

யாழ்ப்பாணக் குடாநாடு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. அதன் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 10 மீற்றருக்கு மேல் உயராத தட்டை நிலமாகும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் அங்கில்லை. தெல்லிப்பழை, அளவெட்டிப் பகுதிகளின் மாரி வெள்ளத்தைத் திரட்டிக்கொண்டு கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாகச் சென்று அராலியருகே கடனீரேரியிற் கலக்கும் வழுக்கையாறு, மழைக்காலத்தில் மட்டுமே ஆறென்னும் பெயருக்கு உரியது. தொண்டைமானாறு, உப்பாறு எனப் பெயர் பெற்றவையோ உண்மையில் கடனீரேரிகளே. பெயரில் ஆறு உண்டு. பருகுவதற்கு ஆறு இல்லை.

ஆற்றின் இடத்தை இந்நிலத்தில் வகித்தவை சிறு நீர்நிலைகளும் கிணறுகளுமாம். கோண்டாவில், இணுவில், கொக்குவில், உடுவில், மிருசுவில், மந்துவில் முதலிய ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நிற்கும் 'வில்' என்பது சிறு நீர்நிலையைக் குறிக்கும். கேணி, குளம், மடு, துரவு, பூவல் ஆகியனவும் இவ்வாறே வழக்கில் நின்றன. ஒருவரது உடைமையைச் சொல்லும்போது 'தோட்டம் துரவு' என இணைத்துக் கூறுவது தமிழ் வழக்கு. துரவு என்பது கிணறு. தோட்டத்தோடு கிணற்றையும் சேர்த்தெண்ணாமல் செல்வத்தைக் கணக்கிட இயலாத நிலத்தில் இவ்விணைமொழி வெறும் சொல்லலங்காரம் அன்று.

இந்நிலம் பெறும் நீர் முழுவதும் மழைநீரே. அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திற் பெய்வது. எஞ்சிய மாதங்களுக்கான நீரை நிலம் தன் வயிற்றிலே சேமித்து வைத்தல் வேண்டும். அச்சேமிப்புக்கு இடமளித்தது கல்.

கல்லும் மழையும்

குடாநாட்டின் அடியிற் பரந்து கிடப்பது மயோசின் காலத்துச் சுண்ணாம்புக்கல். பண்டைக் கடலின் அடியில் உயிரினங்களின் ஓடுகளும் சுண்ணமும் படிந்து இறுகியதால் உருவான பாறை அது. அதன்மேல் வலிகாமத்திற் செம்பாட்டு மண் மெல்லிய போர்வைபோல் மூடியுள்ளது. மழைத்துளி வானிலிருந்து வரும்போதும் மண்ணினூடே இறங்கும்போதும் காபனீரொட்சைட்டைக் கவர்ந்து மெல்லிய அமிலமாகின்றது. அவ்வமில நீர் சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. கரைந்த இடங்கள் வெடிப்புகளாகவும் குகைகளாகவும் விரிகின்றன. அவ்வெடிப்புகளில் நீர் தங்குகின்றது. கல்லே கலயமாகி நீரைத் தாங்குகின்றது; தாங்கும் கலயத்தின் ஒரு பகுதியை நீர் தன்னுள்ளே கரைத்துக்கொள்கின்றது.

நீரின் 'வன்மை' அல்லது 'கடினத்தன்மை' எனப்படுவது இவ்வாறு கரைந்த கல்சியமும் மகனீசியமும் சேர்ந்த அளவேயாகும். தெளிந்த நீருக்குள் கல் எவ்வாறு கண்ணுக்குத் தெரியாமல் நிற்கின்றது என்பதை ஆங்கிலேய அறிஞர் ஹென்றி கவெண்டிஷ் 1767இல் விளக்கினார். இலண்டனில் ஒரு பொதுப் பம்பியிலிருந்து பெற்ற நீரை ஆராய்ந்த அவர், இன்று காபனீரொட்சைட்டு என நாம் அழைக்கும் வாயுவே சுண்ணத்தைக் கரைந்த நிலையில் வைத்திருக்கின்றது எனக் கண்டார். வாயு நீங்கினால் சுண்ணம் மீண்டும் கல்லாகின்றது. நீரைக் கொதிக்கவைக்கும்போது நிகழ்வது இதுவே. யாழ்ப்பாணத்துச் சமையலறைகளிற் கேத்தலின் உட்புறத்தில் நாளடைவில் வெண்ணிறமாகப் படியும் செதில், பல்லாயிரம் மாரிகள் கரைத்த நிலத்தின் சிறு துண்டேயாகும்.

வன்மையை எண்ணால் அளக்கும் முறையை 1841இல் ஸ்கொட்லாந்து நாட்டு இரசாயன அறிஞர் தோமஸ் கிளார்க் வகுத்தார். நீரில் நிலைத்த நுரை எழுவதற்கு எவ்வளவு சவர்க்காரக் கரைசல் வேண்டியுள்ளது என்பதே அவரது அளவுகோல். இன்று லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் கல்சியம் காபனேற்று எனக் கணக்கிடுவர். 60 வரை மென்னீர். 60 முதல் 120 வரை ஓரளவு வன்மை. 180ஐத் தாண்டின் மிக வன்மையான நீர். சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணறுகள் பல இவ்விறுதி எல்லையைக் கடந்து நிற்பன. இலங்கையின் குடிநீர்த் தரநிர்ணயம் 250 என்பதை எல்லையாக வகுத்துள்ளது.

ஆயின் ஒன்றை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும். நீரின் வன்மைக்கென உடல்நல அடிப்படையில் எல்லை எதனையும் உலக சுகாதார நிறுவனம் வகுக்கவில்லை. கல்சியமும் மகனீசியமும் உடம்புக்கு வேண்டிய சத்துகளே. வன்னீர் சவர்க்காரத்தை வீணாக்கும்; கேத்தலைக் கெடுக்கும்; குழாயை அடைக்கும். ஆனால் குடிப்பவரை அதுவே கெடுப்பதாக உறுதிப்படவில்லை. மக்கள் நெடுங்காலமாகக் குறைகூறிவந்த இக்குணம், குடாநாட்டு நீரின் குற்றங்களுள் மிகச் சிறியது என்பதே உண்மை.

நாவின் அறிவு

இரசாயன ஆய்வுகூடம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே ஊர்ப் பெண்கள் நீரைத் தரம்பிரித்து வைத்திருந்தனர். பருப்பை விரைவில் அவிக்கும் கிணறு எது, அவிக்காத கிணறு எது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். வன்னீரிலுள்ள கல்சியம் பருப்பின் தோலையும் உயிரணுச் சுவரையும் இறுகச்செய்வதால் அது அவிய நேரமெடுக்கும் என்பது பின்னாளிற் கண்ட விளக்கம். தேநீரின்மேல் ஏடுபோற் படர்ந்து கோப்பையின் விளிம்பில் ஒட்டும் கறையைக் கொண்டும், துவைத்த துணியின் விறைப்பைக் கொண்டும், முழுகிய கூந்தலின் சிக்கைக் கொண்டும் அவர்கள் நீரின் இயல்பை உணர்ந்தனர். குடிக்க ஒரு கிணறு, குளிக்க ஒரு கிணறு, தோட்டத்துக்கு ஒரு கிணறு எனப் பகுத்தறிந்த அறிவு இது.

இவ்வறிவின் மற்றோர் எல்லை உப்பு. புத்தூருக்கு அண்மையில் நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறு அடியற்றது என்னும் நம்பிக்கையோடு புகழ்பெற்றது. 1859இல் வெளிவந்த இலங்கை பற்றிய தமது நூலில் எமர்சன் டெனன்ட் இதனைக் குறித்து எழுதியுள்ளார். அக்கிணற்றின் மேற்பகுதியில் உள்ளது நன்னீர், ஆழம் செல்லச்செல்ல உவர், அடியில் உப்பு. இது ஒரு கிணற்றின் விந்தையன்று. குடாநாடு முழுவதன் இயல்பு. கல்லின் வெடிப்புகளிற் கீழிருந்து கடல்நீர் ஊடுருவி நிற்க, அதனிலும் எடை குறைந்த மழைநீர் அதன்மேல் மிதக்கின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான படோன் கைபனும், 1901இல் ஜேர்மானியரான ஹேர்ட்ஸ்பேர்க்கும் இம்மிதப்பின் கணக்கைத் தனித்தனியே கண்டனர். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் நிற்கும். மறுதலையாக, மேலே 1 மீற்றர் குறைந்தால் கீழிருந்து கடல் 40 மீற்றர் ஏறிவர இடமுண்டாகும்.

துலாவினால் இறைத்த காலத்தில் இக்கணக்கு தானாகவே காக்கப்பட்டது. துலா மிதிப்பவரின் காலும் பட்டை பிடிப்பவரின் கையும் களைத்துப்போகும் எல்லையே இறைப்பின் எல்லையாக இருந்தது. இரவில் மனிதர் ஓய்ந்தனர், கிணறும் ஊறிற்று. உவர் தலைகாட்டினால் மறுநாளே நா அதனை அறிந்து சொல்லிற்று.

யாருடைய கிணறு

இப்பழைய ஒழுங்கினைப் போற்றுவோர் அதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. நல்ல தண்ணீர்க் கிணறு எல்லோருக்கும் நல்ல கிணறாக இருக்கவில்லை. நிலவுடைமையோடு கிணற்றுடைமையும் சேர்ந்திருந்தது. நிலவுடைமையோ சாதியோடு சேர்ந்திருந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் கிணற்றில் தாமே அள்ளுதல் விலக்கப்பட்டிருந்தது. வெறுங்குடத்துடன் கிணற்றுக்கு அப்பால் நின்று, அள்ளி ஊற்றுவார் எவரேனும் வரும்வரை காத்திருத்தலே அவர்களுக்கு விதிக்கப்பட்டது. ஊற்றுபவரின் மனநிலையும் பொழுதும் அவர்களது தாகத்தின் அளவைத் தீர்மானித்தன.

ஊரார் உண்ணும் நீர்நிலையை 'ஊருணி' என வழங்கியது தமிழ். அதன் நிறைவைப் பேரறிவாளனது செல்வத்துக்கு உவமையாக்கி 'ஒப்புரவறிதல்' என்னும் அதிகாரத்தில் வைத்தது திருக்குறள். அச்சொல்லின் 'ஊர்' யார் யாரை உள்ளடக்கியது என்னும் கேள்வியை யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகள் எழுப்பின. 1957இல் நிறைவேற்றப்பட்ட சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம், சாதியின் பெயரால் இழைக்கப்படும் இத்தகைய விலக்குகளைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் வந்த பின்னரும் போராட்டம் ஓயவில்லை. 1986இல் மறைந்த கே. டானியல் தமது நாவல் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டமை, ஈழத்து இலக்கியத்தில் இவ்வரலாறு பெற்ற இடத்தைக் காட்டும்.

நீரின் தரத்தை ஆராயும் எவரும் இதனை அத்தரத்தின் ஒரு கூறாகவே எண்ணுதல் வேண்டும். ஒருவரது நாவுக்கு இனிப்பதும் இன்னொருவரது நாவுக்கு மறுக்கப்படுவதுமான நீரை முழுமையான நன்னீர் எனல் பொருந்தாது. கிணற்றுக்குப் பதிலாகத் தெருவோரத்தில் ஒரு பொதுக்குழாய் நிறுத்தப்பட்டபோது, அதன் நீர் சுவையிற் குறைந்ததாயினும், திறந்த கை எதுவென அது கேட்கவில்லை. குழாயின் வரலாற்றில் இஃது எளிதில் மறக்கத்தக்கதன்று.

இயந்திரமும் பசளையும்

1950களிலிருந்து நீரிறைக்கும் இயந்திரம் தோட்டந்தோறும் பரவிற்று. துலா விதித்திருந்த எல்லையை அது நீக்கிற்று. களைப்பறியாத இயந்திரம் மணிக்கணக்கில் இறைத்தது. கடலோரக் கிணறுகளில் உவர் ஏறலாயிற்று. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த அரசு மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியமையால், வலிகாமத்துச் செம்பாட்டு மண் பொன்விளையும் பூமியாயிற்று. குழையும் எருவும் இட்ட தோட்டங்களில் யூரியா முதலான இரசாயனப் பசளைகள் மிகுதியாக இடப்பட்டன. உழவரின் உழைப்பைக் குறைகூறுவதற்கில்லை. கல்லை உடைத்து, மண் சுமந்து நிலமாக்கிப் பயிர்செய்த மக்கள் அவர்கள். எனினும் அப்பசளையின் ஒரு பகுதி பயிரைச் சேராமல் நிலத்தில் இறங்கிற்று.

யூரியாவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. நைத்திரேற்று நீரில் முற்றாகக் கரையும். மண் அதனைப் பற்றி வைத்துக்கொள்ளாது. அடுத்த மாரியிலேயே மெல்லிய மண்ணைக் கடந்து, கல்வெடிப்புகளினூடே கிணற்றைச் சேரும். வீட்டு வளவுகளில் கிணற்றுக்கு அண்மையில் தோண்டப்பட்ட மலக்குழிகளின் கசிவும் அதனோடு சேர்ந்தது. நீரைத் தாங்குவதற்கு எந்த வெடிப்புகள் உதவினவோ, அவையே நஞ்சுக்கும் வழிவிட்டன. மணற்படுகைபோல் நீரை வடித்துத் தூய்மையாக்கும் இயல்பு வெடித்த சுண்ணாம்புக்கல்லுக்கு இல்லை. 1980களில் சி. பி. திசாநாயக்க முதலிய புவியிரசாயன ஆய்வாளர்கள் யாழ்ப்பாணக் கிணறுகளின் மிகை நைத்திரேற்றைச் சுட்டிக்காட்டி எழுதினர். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனமும் இலங்கைத் தரநிர்ணயமும் ஏற்றுள்ள எல்லை.

அவ்வெல்லை பச்சிளங் குழந்தைகளை முன்னிட்டு வகுக்கப்பட்டது. 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் கோம்லி என்னும் மருத்துவர், பண்ணைக் கிணற்று நீரிற் கரைத்த பாலை உண்ட கைக்குழந்தைகள் நீலம்பாய்வதற்கு அந்நீரின் நைத்திரேற்றே காரணம் என எடுத்துக்காட்டினார். குழந்தையின் உடலில் அது நைத்திரைற்றாக மாறி, குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கின்றது.

இங்கேதான் நாவின் அறிவு முதன்முறையாகத் தோற்றது. நைத்திரேற்றுக்கு இந்த அளவில் நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. அது பருப்பை அவியாமற் செய்வதில்லை. சவர்க்கார நுரையைத் தடுப்பதில்லை. மேலும் கொடியது ஒன்றுண்டு. நீரைக் கொதிக்கவைத்துப் பருகுதல் தாய்மார் கைக்கொண்ட மிக நல்ல வழக்கம். கொதித்தலினால் கிருமிகள் அழிகின்றன. சுண்ணம் படிந்து வன்மையும் ஓரளவு குறைகின்றது. ஆயின் நைத்திரேற்று அழிவதில்லை. நீர் ஆவியாகிக் குறைய, அதன் செறிவு கூடுகின்றது. குழந்தையின் நலங்கருதி நெடுநேரம் நீரைக் கொதிக்கவைத்த தாய், தான் அறியாமலே அதன் தீங்கைச் செறிவாக்கினாள். அவளிடம் குற்றமில்லை. அவளுக்குக் கைவந்த அறிவு வேறொரு பகைக்கு எதிராக உருவானது. புதிய பகையை அவளுக்கு அறிவிக்க வேண்டிய கடமை அறிந்தோருடையதாக இருந்தது.

சுன்னாகத்துக் கிணறுகள்

1990 முதல் போர்க்காலப் பொருளாதாரத் தடையினால் எரிபொருளும் யூரியாவும் குடாநாட்டுக்கு வருவது அருகிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் பெயர்ந்து தென்மராட்சியை அடைந்தனர். ஓரிடத்திற் கிணறுகள் ஆளின்றிக் கிடக்க, இன்னோரிடத்திற் கிணறுகள் சுற்றிலும் குடங்கள் சூழ நின்றன. இடம்பெயர்ந்தோர் ஊர் திரும்பியபோது அவர்களிற் பலருக்கு எஞ்சியிருந்தவை கிணறுகளே. கூரையற்ற வளவிலும் கிணறு தன் நீரோடு இருந்தது. 2009இல் போர் முடிந்த பின் இறைப்பும் பசளையும் மீண்டன.

அக்கிணறுகளிற் சிலவற்றில் 2013, 2014ஆம் ஆண்டுகளில் எண்ணெய் மிதக்கக் கண்டனர் சுன்னாகத்து மக்கள். அங்கு அமைந்திருந்த மின்னுற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெயே காரணம் என்னும் முறைப்பாடு எழுந்தது. இம்முறை மூக்கும் கண்ணும் எச்சரித்தன. ஆயின் அவை சொன்னதை உறுதிசெய்ய வேண்டிய ஆய்வறிக்கைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. ஒரு தரப்பு மாசு உண்டென்றது. இன்னொரு தரப்பு அஞ்சவேண்டியதில்லை என்றது. மக்கள் தம் வளவிலேயே நிற்கும் கிணற்றை விட்டுத் தெருவோரத்தில் வைக்கப்பட்ட தாங்கிகளுக்கு வாளியோடு நடந்தனர். 2015 தொடக்கத்தில் நீதிமன்ற உத்தரவினால் அந்நிலையத்தின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. பொதுநல நோக்கில் தொடுக்கப்பட்ட அடிப்படை உரிமை வழக்கில், 2019 ஏப்ரல் 4ஆம் நாள் நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டைப் பின்பற்றி, பாதிக்கப்பட்ட சுன்னாகத்து மக்களுக்கு 2 கோடி ரூபா வழங்குமாறு உற்பத்தி நிறுவனத்துக்கு அது ஆணையிட்டது.

இத்தீர்ப்பின் சிறப்பு தொகையில் மட்டும் இல்லை. கிணறு ஒருவரது வளவுக்குள் இருப்பினும் அதன் நீர் வளவுக்குரியதன்று; நிலத்தின் கீழே எல்லாக் கிணறுகளும் ஒரே நீரைப் பகிர்கின்றன என்னும் உண்மையை அது நடைமுறையில் உணர்த்திற்று. மேலே வேலிகட்டி, சாதி பார்த்துப் பிரித்து வைத்த கிணறுகள் கீழே ஒருபோதும் பிரிந்திருக்கவில்லை.

குழாயின் வருகை

குடாநாட்டுக்கு வெளியிலிருந்தோ புது வழியிலோ நன்னீர் தேடும் முயற்சி புதிதன்று. யாழ்ப்பாண நகருக்குக் குழாய்வழி சென்ற நீர், திருநெல்வேலி, கோண்டாவில் ஆகிய இடங்களின் கிணறுகளிலிருந்து பெறப்பட்டது. ஆதலால் குழாயிலும் வந்தது அதே கல் கரைந்த நீரே. 1950களில் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டத்தை முன்வைத்தார். கனகராயன் ஆற்றின் மாரி வெள்ளத்தை ஆனையிறவுக் கடனீரேரியில் தேக்கி நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடனீரேரிக்கும் உப்பாற்றுக்கும் கொண்டுசெல்வது அதன் கருத்து. கட்டுகள் சில எழுந்தன. வாய்க்காலும் வெட்டத் தொடங்கப்பட்டது. ஆனால் ஆறு முழுமையடையவில்லை.

2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு உருவான யாழ்ப்பாண – கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம் இரணைமடுக் குளத்து நீரை முதலில் நாடிற்று. தங்கள் வயலுக்கே போதாத நீரை எவ்வாறு பகிர்வது எனக் கிளிநொச்சி உழவர் எழுப்பிய கேள்வி நியாயமற்றதன்று. குடிநீர் வேண்டிய குடாநாட்டாரின் கோரிக்கையும் நியாயமற்றதன்று. தமிழர் இரு சாராரிடையே எழுந்த இப்பிணக்கின் முடிவிற் கடலை நோக்கித் திரும்பிற்று திட்டம். வடமராட்சி கிழக்கிலுள்ள தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரை உப்பகற்றும் நிலையம் 2024 ஓகஸ்ட் 2ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. நெடுங்காலம் கிணற்றுக்குள் ஏறிவந்துவிடுமோ என அஞ்சப்பட்ட கடல்நீரே குடிநீரின் ஊற்றாயிற்று.

இந்நுட்பத்தில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. நுண்துளைச் சவ்வினூடாக அழுத்தி உப்பகற்றிய நீர் உப்போடு சுண்ணத்தையும் ஏறக்குறைய முற்றாக இழந்துவிடுகின்றது. அத்தகைய மிக மென்மையான நீர் சுவையற்றது; இரும்பையும் சீமெந்தையும் அரிக்க வல்லது. ஆதலால் உப்பகற்றும் நிலையங்களில், குழாயில் விடுவதற்கு முன் அந்நீருக்குச் சுண்ணச் சத்தைத் திரும்பவும் ஊட்டுதல் உலகெங்கும் வழக்கம். மழை காலங்காலமாகச் செய்த தொழிலை அளவறிந்து மனிதன் செய்கின்றான். நீருக்குக் கல் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதே கேள்வி.

நிறைவாக

குடாநாட்டு நீரின் வரலாற்றை ஒருங்கே நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படுகின்றது. மண்ணும் கல்லும் நீருக்குத் தந்த குணங்களாகிய வன்மையையும் உவரையும் மக்கள் நாவினால் அறிந்தனர்; அறிந்ததற்கேற்ப வாழ்ந்தனர். மனிதர் நீரில் இட்ட குற்றங்களுள் மிகக் கொடியனவற்றை நா அறியவில்லை. தாம் சுவைத்து அறிந்த சுண்ணத்துக்கு அஞ்சி, சுவைக்க இயலாத நைத்திரேற்றை ஐயமின்றிப் பருகினர்.

குழாய்நீரின் வரவால் இவ்விடைவெளி தானாக நீங்கிவிடாது. கிணற்றை உடையவர் அதனை நாள்தோறும் எட்டிப்பார்த்தார்; ஆண்டுதோறும் கலக்கி இறைத்தார்; அயலாரோடு அதன் குணத்தைப் பேசினார். குழாயைத் திறப்பவரோ நீர் எங்கிருந்து வருகின்றது என்பதை அறியவேண்டிய தேவையற்றவராகின்றார். கிணறு கேட்பாரற்றுப்போனால் அதன் கீழுள்ள நீரும் கேட்பாரற்றுப்போகும். அந்நீரே தோட்டத்துக்கும், குழாய் எட்டாத வீடுகளுக்கும், குழாய் வறண்ட நாட்களுக்கும் உரியது. ஆதலால் ஊர்க் கிணறுகளின் நைத்திரேற்று, உப்பு, வன்மை ஆகியவற்றை மாரிக்கு முன்னும் பின்னும் அளந்து, அவ்வளவைக் கோயில் வாயிலிலும் சனசமூக நிலையத்திலும் பாடசாலையிலும் எல்லோரும் வாசிக்க எழுதிவைத்தல் வேண்டும். எண்ணை அறிவதில் சாதி இல்லை. அதனை வாசிக்க எவரது இசைவும் தேவையில்லை. நாவுக்கு அகப்படாததைக் கண்ணுக்குப் புலப்படுத்துவது அவ்வெழுத்தே.

இவ்விடத்துக் கவிஞர்க்கும் ஒரு பணியுண்டு. தண்ணீர், உவர்நீர், நன்னீர் எனச் சுவையறிந்து பெயரிட்ட மொழி, சுவையற்ற தீங்குக்கு இன்னும் தன் பெயரை இடவில்லை. நைத்திரேற்று என்பது ஆய்வுகூடத்திலிருந்து வந்த சொல். அது தாலாட்டிலோ ஒப்பாரியிலோ பழமொழியிலோ இன்னும் நுழையவில்லை. ஒரு தாய் இன்னொரு தாய்க்குக் கிணற்றடியில் நின்று சொல்லத்தக்க எளிய சொல் ஒன்று அதற்கு வாய்க்குமாயின், அந்த எச்சரிக்கை அறிக்கைகளைக் கடந்து அடுப்பங்கரையை அடையும்.